டிசம்பர் 11 நினைவுக் கூட்டத்தில் முதல் வரிசை யாருக்கு?

கோலாலம்பூர் பக்கம் அம்பாங்கில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் இளைஞர் குழு டிசம்பர் 11-ஆம் தேதி, 1993-ல் இடிந்து விழுந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் நினைவு நாளை நடத்தப் போகிறதாம். இறந்தவர்களுக்கு அஞ்சலி, மீட்புப் பணி செய்கிறவர்களுக்கு மரியாதை, இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் வைக்க ஆசை. போட்டு வைத்திருக்கும் நிரல் இது: மாலை 7 மணிக்குக் குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவரின் சிறப்புரை, 10 தீயணைப்பு வீரர்களுக்குப் பொன்னாடை, ஒரு நிமிட மௌனம், இரவு விருந்து. "அண்ணே, இது போதுமா? எதையாவது விட்டுவிட்டோமா?"

எதையும் விடவில்லை தங்கச்சி. கொஞ்சம் அதிகமாகச் சேர்த்துவிட்டீர்கள்.

நான் 1996-ல் பொம்பாவில், அதாவது தீயணைப்பு மீட்புத் துறையில், சேர்ந்தவன். ஹைலண்ட் டவர்ஸ் இடிபாட்டில் நான் நிற்கவில்லை. அங்கே நின்றவர்களிடம் வேலை கற்றுக்கொண்டவன். ஓய்வு பெற்றபிறகு இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் பேசவும் கூப்பிடுகிறார்கள், நாற்காலி தூக்கவும் கூப்பிடுகிறார்கள். அதனால் மேடைக்கு மேலே நடக்கிற கூத்தும் கீழே நடக்கிற கூத்தும் எனக்குத் தெரியும்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்ல ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் குழுவில் பாதிப் பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது 'பேய் பில்டிங்' மட்டும்தான். 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. அந்தக் காலத்தில் சனிக்கிழமை அரை நாள் வேலை. பள்ளி விடுமுறை வேறு. மதியம் 1:35 என்றால் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டோ சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டோ இருக்கும் நேரம். உலு கிள்ளான் தாமான் ஹில்வியூவில் 12 மாடிகளோடு நின்ற மூன்று கட்டடங்களில் முதல் புளோக் சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். உள்ளூர்க்காரர்களும் உண்டு, வெளிநாட்டவரும் உண்டு. முன்னாள் துணைப் பிரதமர் மூசா ஹீத்தாமின் மகனும் மருமகளும் அதில் போனார்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓர் இளம் தாயும் அவருடைய ஒன்றரை வயதுக் குழந்தையும் அவர்களில் இருந்தார்கள். தேடும் வேலை பன்னிரண்டு நாள் நடந்தது.

அறிவிப்பாளர் யாராவது 'இயற்கையின் கோரத் தாண்டவம்' என்று எழுதிக் கொடுத்தால் தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். பத்து நாள் விடாத மழை பெய்தது உண்மை. ஆனால் மழை அந்தக் குன்றுக்குப் புதிதல்ல. பின்னால் இருந்த புக்கிட் அந்தாராபங்சா பக்கம் மரங்களை வெட்டி மண்ணைத் திறந்து போட்டிருந்தார்கள். அந்த நிலத்தில் ஓடிய ஓடையைக் குழாய்க்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். குழாய் தாங்குகிற அளவைத் தாண்டித் தண்ணீரும் சேறும் மணலும் வந்தன. ஊறிப்போன மண் தடுப்புச் சுவர்களைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கத்தான் அடியில் தூண் இறக்கியிருந்தார்கள், பக்கவாட்டில் இடிக்கிற பாரத்துக்கு அது நிற்கவில்லை. மற்ற இரண்டு புளோக்குகளில் குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2000-ல் உயர்நீதிமன்றம் மேம்பாட்டாளர், பொறியாளர், மேலே நிலம் வைத்திருந்த நிறுவனம், நகராண்மைக் கழகம் என்று பொறுப்பைப் பங்கு போட்டு வைத்தது. 2006-ல் கூட்டரசு நீதிமன்றம் நகராண்மைக் கழகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அதை விடுவித்தது. இதையெல்லாம் விவரமாகச் சொல்ல வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அம்மாவையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

சரி, அந்த முதல் வரிசைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய இருக்கை வரைபடத்தில் முன்னால் நடுவில் சோபா, டத்தோவும் அவருடைய ஆட்களும். இரண்டாம் வரிசையில் குழுத் தலைவர்கள். 'பாதிக்கப்பட்ட குடும்பங்கள்' நான்காம் வரிசையில், தூண் மறைக்கிற பக்கம். அதை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். முதல் வரிசை குடும்பங்களுக்கு. யாரும் வராவிட்டால் காலியாகவே இருக்கட்டும். டத்தோ வந்தால் சந்தோஷம், மூன்றாம் வரிசையில் உட்காரட்டும். நல்ல மனிதராக இருந்தால் அவரே அதைத்தான் சொல்வார். அவருக்குச் சிறப்புரை வேண்டாம். கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் மானியம் வரும், பத்து நிமிடத்தில் தேர்தல் வரும்.

குடும்பங்களை எப்படி அழைப்பது? நேரில் தெரிந்தவர் மூலமாகத்தான். போஸ்டரைப் பார்த்து வரட்டும் என்று விடாதீர்கள். பழைய பத்திரிகையில் இருக்கிறதே என்று 48 பெயரையும் எடுத்துப் பேனரில் அடிக்கவும் வேண்டாம். சம்மதித்த குடும்பத்தின் பெயரை மட்டும் வாசியுங்கள், பிறகு எல்லோரையும் '48 பேர்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். வாசிக்கும்போது டத்தோ, டத்தின், மிஸ்டர் எதுவும் வேண்டாம், எல்லோரும் ஒரே மாதிரி. சீனப் பெயரைச் சீன நண்பரிடமும் ஜப்பானியப் பெயரைத் தெரிந்தவரிடமும் முன்கூட்டியே கேட்டு, நான்கு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். செத்துப்போன பிள்ளையின் பெயரை மைக்கில் தப்பாகக் கேட்பது பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இடிபாட்டுப் படங்களைத் திரையில் ஓட்டும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தப் படத்துக்குள் யார் வீட்டுத் திரைச்சீலை தொங்குகிறது என்று அடையாளம் தெரிகிறவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள்.

குத்துவிளக்கைப் பற்றி நம் ஆட்களோடு எனக்கு எப்போதும் சண்டை. நமக்கு விளக்கில்லாமல் எதுவும் தொடங்காது, புரிகிறது. ஆனால் இது நம் வீட்டுத் திதி அல்ல. முஸ்லிம் குடும்பத்தின் பெரியவரை மேடைக்கு அழைத்துக் கையில் திரியைக் கொடுத்து, அவர் நெளிவதை எல்லோரும் பார்க்க வைக்காதீர்கள். விளக்கு வேண்டுமென்றால் ஒரு ஓரத்தில் முன்பே ஏற்றி வையுங்கள். ஏற்ற நினைப்பவர் வந்து ஒன்று ஏற்றிக்கொள்ளட்டும். இன்னொரு ஓரத்தில் வெள்ளைப் பூ. மௌன நேரத்தில் முஸ்லிம் நண்பர்கள் மெதுவாக அல்-ஃபாத்திஹா ஓதுவார்கள், அதற்கு இடம் விடுங்கள். மண்டபத்தில் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் சிவப்பு நாற்காலி உறைகளைக் கழற்றிவிடுங்கள், சீனக் குடும்பங்களுக்குத் துக்கத்தில் சிவப்பு ஆகாது. வரவேற்பு நடனம் வேண்டவே வேண்டாம். அதற்குப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் பொங்கலுக்கு ஆடச் சொல்லுங்கள். விருந்து என்று அழைப்பிதழில் போடாதீர்கள். சைவமாகக் கொஞ்சம் பலகாரம், பால் சேர்க்காத தே ஓ, அவ்வளவு போதும்.

இப்போது பொன்னாடை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

சில வருடத்துக்கு முன் ஒரு பாராட்டு விழாவுக்கு எங்கள் பாலாயிலிருந்து, அதாவது தீயணைப்பு நிலையத்திலிருந்து, ஆறு பேரை அழைத்தார்கள். யூனிபார்மில் வரச் சொன்னார்கள். காலை 9 மணிக்கு வாசலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். பிரமுகர் 11 மணிக்கு வந்தார். எங்களில் இரண்டு பேர் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள். மேடையில் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துணி, ஒரு போட்டோ, நகரு நகரு. என்னைக் கூப்பிட்டது வேறொருவர் பெயரில். போனேன், வாங்கினேன், வந்தேன். பக்கத்தில் இருந்த மலாய் நண்பன் அந்தத் துணியைத் தடவிப் பார்த்து, இதை என்ன செய்வது, சட்டை தைக்கலாமா என்று கேட்டான். என்னிடம் பதிலில்லை. விழாவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறோம். எந்த வேலைக்காக எங்களைப் பாராட்டுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். இந்த வேலையில் மனசைத் தின்பது தீ அல்ல. தோண்டி எடுத்த கைப்பேசி அடிக்கும், திரையில் 'அம்மா' என்று வரும். அதை எடுத்துப் பேச முடியாது. 2022 டிசம்பர் 16 விடியுமுன் பத்தாங் காலியில் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்தபோது 31 பேர் போனார்கள், 61 பேர் பிழைத்தார்கள். சின்னப் பிள்ளைகளும் போனார்கள். மோப்ப நாய்களோடு டிசம்பர் 24 வரை தேடினார்கள். கடைசியாக எடுத்ததும் ஒரு சிறுவனைத்தான். அப்படி ஒரு வாரத்துக்கு மேல் சேற்றில் நின்றுவிட்டு வருகிறவனிடம் 'ஹீரோ' என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் மனசில் இருப்பது உயிரோடு எடுக்க முடியாத 31 பேர்.

அதனால் பத்துப் பேருக்குப் பொன்னாடைக்குப் பதில் இரண்டே பேரை அழையுங்கள். ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒரு மைக், உங்களில் ஓர் இளையவர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். 'எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள்' என்று கேட்காதீர்கள். 'அன்றைக்குக் காலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்', 'சாப்பிட்டீர்களா', 'வீட்டுக்குப் போய் முதலில் என்ன செய்தீர்கள்' என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அப்புறம், மீட்பவர் என்றால் சீருடைக்காரர் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஒரு பேரிடரில் மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறவர், பொதுத் தற்காப்புப் படைத் தொண்டர், சவக்கிடங்கில் உடலை அடையாளம் காட்டக் குடும்பத்தின் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற தாதி, தெருமுனையில் பானை வைத்து எங்களுக்குச் சோறு போடுகிற அம்மா, எல்லோரும்தான். சவக்கிடங்கில் வேலை செய்கிறவருக்குப் பொன்னாடை போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பணியில் இருப்பவர்களை அழைப்பதாக இருந்தால் பக்கத்துப் பாலாயின் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். வருகிறவர்களைக் கதவருகே உட்கார வையுங்கள், நடுவில் அவசர அழைப்பு வந்தால் எழுந்து ஓடுவார்கள். அவர்கள் வண்டிக்குப் பின்னால் யாரும் கார் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியைப் போடுங்கள். சிரிக்காதீர்கள், மரியாதை செய்யக் கூப்பிட்ட இடத்திலேயே வண்டி மாட்டிக்கொண்ட கதை உண்டு.

மீட்பவர்களில் இறந்தவர்களையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் பூச்சோங்கை நினையுங்கள். 2018 அக்டோபர் 3, தாமான் புத்ரா பெர்டானா பக்கம் பழைய சுரங்கக் குட்டை. தண்ணீரில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி நீர் மீட்புக் குழுவைச் சேர்ந்த ஆறு பேர் ஒரே கயிற்றில் இணைந்து இறங்கினார்கள். சுழல் ஆறு பேரையும் இழுத்துக்கொண்டது. எல்லோரும் வீட்டில் பிள்ளை குட்டி, பெற்றவர்கள் என்று காத்திருந்தவர்கள்தான். அவர்களைச் சொல்லும்போது அந்தப் பையனையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவனால்தான் ஆறு பேர் போனார்கள் என்கிற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது, அவன் வீட்டிலும் ஓர் அம்மா இருக்கிறார்.

ஹைலண்ட் டவர்ஸ் இந்த நாட்டுக்கு விட்டுப்போனது ஒன்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1993-ல் இவ்வளவு பெரிய கட்டடம் இடிந்தால் உள்ளே போய்த் தேடவென்று தனியாகப் பழகிய படை நம்மிடம் இல்லை. வெளிநாட்டுக் குழுக்களும் வந்துதான் தேட வேண்டியிருந்தது. அடுத்த வருடமே அமைச்சரவை அதற்கென ஒரு குழுவுக்கு ஒப்புதல் கொடுத்தது. 1995-லிருந்து ஸ்மார்ட் என்ற பெயரில் இயங்குகிறது. பொம்பா, போலீஸ், ராணுவம் மூன்றிலிருந்தும் ஆள் எடுப்பார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூமி குலுங்கியபோது மலேசியாவிலிருந்து முதலில் போனது இந்தக் குழுதான். உலு கிள்ளானில் ஆள் இல்லாமல் தவித்த நாடு, முப்பது வருடத்துக்குள் இன்னொரு நாட்டின் இடிபாட்டுக்குள் ஆள் இறக்கியது. பேச்சுப் போட்டி வைத்தே தீருவோம் என்றால் இதைத் தலைப்பாகக் கொடுங்கள்.

நேரத்தையும் மாற்றுங்கள். மாலை 7 மணிக்கு எந்த அர்த்தமும் இல்லை. மதியம் 1 மணிக்குத் தொடங்கி 1:35-க்கு மௌனம் வரும்படி வையுங்கள். தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தால் அது தொழுகை நேரம், மலாய் நண்பர்களால் வர முடியாது. அந்த வருடம் மட்டும் 3 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். இடம் உங்கள் புளோக்கின் மண்டபமே போதும். ஹைலண்ட் டவர்ஸ் இடத்துக்குப் போகிறோம் என்று பஸ் எடுக்காதீர்கள். மீதி இரண்டு புளோக்குகளும் முப்பது வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் விடப்பட்ட கட்டடங்கள். உள்ளே போவது ஆபத்து. ராத்திரியில் டார்ச் அடித்துப் பேய் வீடியோ எடுக்கிற கூட்டத்தோடு உங்களையும் சேர்த்துவிடுவார்கள். அந்த வீடியோக்களைப் பற்றி எனக்கு வருகிற வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பதில் உங்கள் குடியிருப்புக்குப் பின்னாலேயே ஒரு சரிவு இருக்கிறதே, கூட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். தடுப்புச் சுவரில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கிற மரம் அல்லது மின்கம்பம், இலை அடைத்த கால்வாய், மழை இல்லாத நாளிலும் சுவரின் அடியில் கசிகிற கலங்கல் தண்ணீர். இதில் எது கண்ணில் பட்டாலும் போட்டோ எடுத்து நிர்வாகத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதே வட்டாரத்தில் 2002-லும் வீடு புதைந்தது, 2008-லும் புதைந்தது. உங்கள் புளோக்கில் ஓய்வு பெற்ற எஞ்சினியர் யாராவது இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள், அவருக்கும் பொழுது போகும்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி: "இறந்தவர்களில் நம்மவர்கள் அதிகமில்லையே, தமிழ் இளைஞர் குழு ஏன் எடுக்கிறது என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள்." 1988 ஜூலை 31-ல் பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்தபோது 32 பேர் இறந்தார்கள், 1,600 பேருக்கு மேல் காயம். அன்றைக்கு அங்கே நின்ற கூட்டத்தில் ஒரு பக்கம் சீனர்களின் தெய்வமான குவான் யின் விழாவுக்காகப் பினாங்குத் தீவுக்குப் போக வந்தவர்கள், இன்னொரு பக்கம் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் திருவிழாவுக்கு வந்தவர்கள். இடிந்து விழுந்த தளத்துக்கு யார் எந்தச் சாமியைக் கும்பிட வந்தவர் என்று தெரியாது. அந்தப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் முணுமுணுத்தால் தே ஓ ஊற்றும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக மௌனம். உங்கள் நிரலில் அதை விருந்துக்கு முன்னால் ஒரு சம்பிரதாயமாகத் திணித்திருக்கிறீர்கள். இடிபாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மௌனம் சம்பிரதாயம் அல்ல, அது வேலையின் ஒரு பகுதி. இயந்திரம், லாரி, ஜெனரேட்டர், கத்தல் என்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது நீளமாக ஒரு விசில் வரும். உலகம் முழுக்க மீட்புக் குழுக்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்: எல்லாவற்றையும் நிறுத்து, அசையாதே. என்ஜின்கள் அணையும். எங்கோ அடியில் யாராவது கல்லால் தட்டுகிறார்களா, முனகுகிறார்களா என்று நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். பிறகு நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, மறுபடி வேலை தொடங்கும். குட்டையாக மூன்று வந்தால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும், அது வேறு.

2014-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானத்தில் இறந்த மலேசியர்களில் 20 பேரின் உடலும் அஸ்தியும் ஆகஸ்ட் 22-ஆம் தேதி வந்து சேர்ந்தபோது நாடே ஒரு நிமிடம் நின்றது ஞாபகம் இருக்கிறதா? நான் அன்றைக்குப் பாலாயில் டூட்டி. வாசலில் வரிசையாக நின்றோம். பக்கத்தில் நின்ற மூத்தவர் தலை குனியவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டேன். பழக்கம், என்றார். அவர் 1993-ல் உலு கிள்ளானில் நின்றவர்.

ஆகவே 1:35-க்கு 'அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துமாறு' என்று மைக்கில் இழுக்காதீர்கள். இந்த விசிலின் அர்த்தத்தை முன்பே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். நேரம் வந்ததும் நீளமாக ஒரு விசில். குளிர்சாதனம், மின்விசிறி, மைக், எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரு நிமிடம் அல்ல, இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. குழந்தை அழுதால் அழட்டும், யாரும் திரும்பிப் பார்த்து முறைக்க வேண்டாம்.

விசில் என்னிடம் இருக்கிறது. காலை 10 மணிக்கு வந்துவிடுகிறேன், அந்தச் சிவப்பு உறைகளைக் கழற்றவும் ஆள் வேண்டும் அல்லவா.